டுலூத் நகரின் இரு குரல்கள்

'ராக்' இசை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். மேடையெங்கும் ஒளிவெள்ளம், செவிப்பறை கிழியும் முழக்கம், கீழே கைகளை உயர்த்தி ஆர்ப்பரிக்கும் இளைஞர் கூட்டம். அமைதியை நாடும் உள்ளத்துக்கும் அவ்விசைக்கும் வெகுதூரம் என்று சொல்வோரைக் குறைகூற இயலாது. பல வேளைகளில் அது உண்மையே. ஆனால் அதே இசைக் குடும்பத்தில் பிறந்து, முழங்க மறுத்து, மெல்லப் பாடுவதையே தன் வழியாகக் கொண்ட குழு ஒன்றும் உண்டு. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் என்னும் துறைமுக நகரில் அது தோன்றியது. பெயர் 'லோ'. தாழ்வு என்றும் தணிவு என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். 2022-ஆம் ஆண்டோடு அதன் பாட்டு நின்றுபோயிற்று. இடைப்பட்ட காலத்தில் பதின்மூன்று முழுநீள இசைத்தட்டுகளை அது வெளியிட்டது. அவற்றை முதலிலிருந்து கடைசிவரை, வாரம் ஒன்றாக, வரிசை மாறாமல் நாங்கள் கேட்டோம். அந்தப் பதின்மூன்று வாரங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

மினியாபொலிஸ் நகரில் பணிபுரியும் எங்கள் அக்காள் மகன்தான் இதற்குக் காரணம். விடுமுறையில் வந்தவன், எங்கள் கைப்பேசியில் இத்தொகுப்புகள் அனைத்தையும் ஏற்றி, கையடக்கமான ஒலிபெருக்கி ஒன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். "சித்தி, சித்தப்பா, இவங்க ரெண்டு பேரும் உங்களைப் போல, கணவன் மனைவியாச் சேர்ந்து பாடினவங்க" என்று மட்டும் சொன்னான். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. நாங்கள் இருவரும் பங்கு ஆலயப் பாடகர் குழுவில் முப்பத்தோராண்டுகள் சேர்ந்து பாடியவர்கள். ஒருவர் முதற்குரல், மற்றவர் இரண்டாம் குரல். 'பாடினவங்க' என்ற அவனது இறந்தகாலச் சொல் அவர்களுக்கு எப்படிப் பொருந்தியதோ, அப்படியே எங்களுக்கும் ஓரளவு பொருந்தியது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவ்வூரின்றி அவ்விசை இல்லை. டுலூத், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் ஒரு குன்றுச் சரிவில் அமைந்த நகர். ஏரி என்றதும் நம் ஊர்ப்புற ஏரியை எண்ணிவிடக் கூடாது. ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது அது. நம் தமிழகத்தின் ஐந்தில் மூன்று பங்கை அதற்குள் அமிழ்த்திவிடலாம். வடக்கே தோண்டப்படும் இரும்புத் தாதுவை ஏற்றிச் செல்லும் நெடிய கப்பல்கள் அங்கு வந்து போகும். குளிர்காலத்தில் நீர்வழி உறைந்து சில வாரங்கள் போக்குவரத்தே நின்றுவிடும். அந்த வெண்மையும் வெறுமையும் காத்திருப்பும் இவர்களுடைய பாடல்களின் அடியில் ஓயாமல் கேட்கின்றன. இசையறிஞர்கள் இதற்கு வேறு விளக்கங்கள் தரக்கூடும். எங்களுக்கு இவ்விளக்கமே போதுமானதாயிற்று.

கித்தார் வாசித்துப் பாடியவர் ஆலன் ஸ்பார்ஹாக். டிரம் வாசித்துப் பாடியவர் அவர் துணைவி மிமி பார்க்கர். மினசோட்டாவின் வடபகுதியில் கிளியர்புரூக் என்ற சிற்றூரில் தொடக்கப்பள்ளிப் பருவத்திலேயே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 1990-இல் மணம் புரிந்தவர்கள். மூன்றாமவராகத் தாழ்சுருதிக் கித்தார் வாசித்தோர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறினர். முதல் இசைத்தட்டில் ஜான் நிக்கோல்ஸ். அவருக்குப் பின் ஜாக் சாலி பத்தாண்டுக்கும் மேலாக உடனிருந்தார். ஆயினும் குழுவின் உயிர் அவ்விருவரின் குரல்களில்தான் இருந்தது.

மிமி பார்க்கரின் டிரம் வாசிப்பைக் கண்டவர் வியப்படைவர். ராக் குழுக்களில் டிரம் வாசிப்பவர் வட்டமாக அடுக்கிய பல வாத்தியங்களுக்கு நடுவே அமர்ந்து, காலால் மிதித்தும் கையால் அறைந்தும் வியர்வை சிந்துவார். இவரோ நின்றுகொண்டே வாசித்தார். தரையில் நிற்கும் பெரிய டிரம் ஒன்று, சிறிய ஸ்நேர் டிரம் ஒன்று, வெண்கலத் தட்டு ஒன்று, அவ்வளவே. மிதித்து அடிக்கும் டிரம் அறவே இல்லை. பெரும்பாலும் குச்சிகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளால் ஆன தூரிகைகளைப் பயன்படுத்தினார். நம் வீடுகளில் மாலையில் முற்றம் பெருக்கும் ஓசையை ஒத்திருக்கும் அது.

இவர்கள் இசைக்கத் தொடங்கிய காலம் அமெரிக்காவில் ராக் இசை மிக உரத்து ஒலித்த காலம். சியாட்டில் நகரிலிருந்து புறப்பட்ட 'கிரஞ்ச்' இசையின் இரைச்சல் எங்கும் பரவியிருந்தது. அத்தகைய கூட்டத்தின்முன் இயன்றவரை மெதுவாகவும் மென்மையாகவும் வாசித்தால் என்ன ஆகும் என்று பாதி விளையாட்டாகவே இம்முயற்சி தொடங்கியதாம். கூட்டம் பேசிக் கூச்சலிட்டால், அதை அடக்கத் தங்கள் ஒலியை உயர்த்தாமல், இன்னும் தாழ்த்திக்கொள்வார்களாம். பேசுவோர் தாமாகவே தம் குரலைக் கேட்டு நாணி அடங்க வேண்டியதுதான். பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். நன்றித் திருப்பாடலின்போது பின்வரிசையில் குசுகுசுவென்று பேச்செழுந்தால் கீபோர்டின் ஒலியைக் கூட்டச் சொல்வதே நம் வழக்கம்.

முதல் தொகுப்பு 1994-இல் வெளிவந்தது. 'ஐ குட் லிவ் இன் ஹோப்' என்பது அதன் தலைப்பு. நம்பிக்கையில் நான் வாழக்கூடும் என்று அதைத் தமிழாக்கலாம். 'வாழ்கிறேன்' என்ற உறுதி அதில் இல்லை, 'வாழக்கூடும்' என்ற தயக்கம்தான் உண்டு. அதிலுள்ள பதினொரு பாடல்களுக்கும் ஒற்றைச் சொல்லே பெயர். சொற்கள், அச்சம், தாலாட்டு, கடல், கயிறு என்று அவை தொடர்கின்றன. 'தாலாட்டு' என்று பொருள்படும் பாடல் ஏறத்தாழப் பத்து நிமிடம் நீள்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுவிடலாம். முதல் வாரம் எங்களுக்குப் பொறுமை போதவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. அரைமணிக்குள் ஒருவர் அரிசி களையப் போனார். மற்றவர் நாளிதழை எடுத்துக்கொண்டார். ஆனால் சமையலறையிலிருந்து கேட்டபோதுதான், அந்த இடைவெளிகளும் பாடலின் பகுதியே என்பது புலனாயிற்று. இடைவெளி வரும்போதெல்லாம் களையும் கை தானாகவே நின்றது.

1995-இல் வந்த இரண்டாவது தொகுப்பும் முதலாவதன் வழியே செல்வது. 1996-இல் வந்த மூன்றாவதில் 'டு யூ நோ ஹவ் டு வால்ட்ஸ்' என்ற பாடல் பதினான்கு நிமிடத்துக்கும் மேலாக ஒரே ரீங்காரத்தைச் சுற்றிச் சுழல்கிறது. இதே பாடலை மட்டுமே 2013-ஆம் ஆண்டு மினியாபொலிஸில் ஒரு திறந்தவெளி விழாவில், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முழுவதும், ஏறக்குறைய அரைமணி, வாசித்துவிட்டு இறங்கினார்கள். கூட்டத்தில் பலர் சினந்தார்களாம். சினம் இயல்பே, பல பாடல்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஒன்றே ஒன்று கிடைத்தால் என்ன செய்வார்கள்? எங்களுக்கும் அப்பாடல் பிடிக்கவில்லை. நீளம் வேறு, ஆழம் வேறு என்றே இன்றும் கருதுகிறோம்.

ஆனால் 1999-இல் வெளிவந்த 'சீக்ரெட் நேம்' தொகுப்பில் வந்துசேர்ந்தபோது எங்கள் செவி பழகிவிட்டிருந்தது. அதை ஒலிப்பதிவு செய்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீவ் அல்பினி. 2024-இல் மறைந்த இவர், தம்மை இசையமைப்பாளர் என்றோ தயாரிப்பாளர் என்றோ அழைப்பதை விரும்பாமல், ஒலிப்பதிவாளர் என்று மட்டுமே சொல்லிக்கொண்டவர். பாடுகிறவர் எந்த அறையில் நிற்கிறாரோ அந்த அறையையும் சேர்த்துப் பதிவு செய்வது அவர் முறை. குரலுக்குப் பின்னே சுவர் இருப்பது நமக்குக் கேட்கும். அதே ஆண்டில் எட்டுப் பாடல்கள் கொண்ட சிறிய கிறிஸ்து பிறப்புத் தொகுப்பையும் இவர்கள் வெளியிட்டார்கள். பழைய 'சைலன்ட் நைட்' அதில் உண்டு; சொந்தப் பாடல்களும் உண்டு. பிறப்பு விழாவின் பளபளப்பு எதுவும் அதில் இல்லை. அதிலுள்ள 'லிட்டில் டிரம்மர் பாய்' பாடலை 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆடை நிறுவனம் தன் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. காணிக்கையாகக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று நிற்கும் ஏழைச் சிறுவனின் பாட்டு துணி விற்கப் பயன்பட்டது ஒரு வேடிக்கைதான்.

இவ்விடத்தில் வாசகர் மனத்தில் எழக்கூடிய ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறோம். இவர்கள் கத்தோலிக்கர் அல்லர். பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மார்மன் சமயத்தைச் சார்ந்தவர்கள். நமக்கும் அவர்களுக்கும் கோட்பாட்டு வேறுபாடுகள் பெரியவை. அவற்றைச் சிறிதாக்கிக் காட்ட நாங்கள் முயலவில்லை. இவர்களுடைய பாடல்கள் பக்திப் பாடல்களும் அல்ல. இறைவன் பெயர் வரும் இடங்கள் மிகச் சில. அங்கும் அவரை நோக்கி ஒரு கேள்வியோ ஒரு நீண்ட மௌனமோதான் எழுகிறது. ஆனால் திருப்பாடல்களைத் தொடர்ந்து செபிப்பவர்களுக்கு இது புதிதல்ல. எண்பத்தெட்டாம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். ஏனைய புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பிவிடும். அதுவோ இருளிலேயே முடிகிறது. அதை மறைநூலிலிருந்து எவரும் நீக்கிவிடவில்லை.

2001-ஆம் ஆண்டின் 'திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்', நெருப்பில் நாம் இழந்தவை என்று பொருள்படும். பலரும் இவர்களின் சிறந்த படைப்பு என்று இதையே சொல்கிறார்கள்; நாங்களும் அதற்கு உடன்படுகிறோம். இதையும் அல்பினியே பதிவு செய்தார். இதன் கடைசிப் பாடல் அப்போது பிறந்திருந்த தங்கள் மகளைப் பற்றியது. குழந்தையின் காலணியை உலோகத்தில் வார்த்து வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அதுபோல் குழந்தையையே வளராமல் வார்த்து வைத்துக்கொள்ள முடியாதா என்ற தாயின் ஏக்கம் அப்பாடல். ஏக்கம் நியாயமற்றது என்பது பாடுகிறவருக்கே தெரியும், தெரிந்தே பாடுகிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்து மூன்று ஊர்களுக்கு அனுப்பிவைத்தவர்கள் நாங்கள். பாடல் முடிந்தபின் வெகுநேரம் அடுத்ததைத் தொடவில்லை.

இனி எங்கள் செய்தி. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒருவருக்குத் தைராய்டு கழலைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இறைவனுக்கு நன்றி. ஆனால் குரல் திரும்பவில்லை. பேச்சு வரும், பாட்டு வராது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காற்று மட்டும் வெளிவரும். பாடகர் குழுவில் முதற்குரல் நின்றுபோனதும், இரண்டாம் குரல் என்ன செய்யும்? இரண்டாம் குரலுக்கெனத் தனி மெட்டு கிடையாது. முதற்குரலின் மேல் சாய்ந்து நிற்பதே அதன் இயல்பு. தனியே பாடிக் கேட்டால் பாதி அழிந்த கோலம் போல் இருக்கும். எங்களில் மற்றவரும் சில வாரங்களில் பாடுவதை விட்டுவிட்டார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஞாயிறுகளில் மக்களோடு மக்களாக நடுவரிசையில் அமர்ந்தோம். பாடற்புத்தகம் மட்டும் கையில் விரிந்திருக்கும்.

இந்நிலையில்தான் இவர்களுடைய இரு குரல்களை வாரந்தோறும் கேட்டோம். பாடகர் குழுவில் இருந்தோருக்கு இது விளங்கும்: மேற்கத்திய இரு குரல் பாடலில் ஒன்று தலைமை தாங்கும், மற்றது அணி செய்யும். இவர்களிடம் அது தெளிவாக இல்லை. ஆலனின் குரல் சற்றுக் கரடுமுரடானது, நடுங்கும். மிமியின் குரல் நேரானது, அலைவற்றது, கோடிழுத்தாற்போல் நிற்பது. இரண்டும் அடுத்தடுத்த சுரங்களில் நெருங்கி நின்று நகரும்போது எது மெட்டு, எது துணை என்று பிரித்தறிய முடிவதில்லை. இதையே முப்பது ஆண்டுகளாகப் பாட முயன்று, ஏதோ சில ஞாயிறுகளில் மட்டும் தொட்டிருக்கிறோம் நாங்கள்.

2002-இன் 'டிரஸ்ட்' தொகுப்பு கனமானது. சற்று மிகையாகவே கனமானது. 2005-இல் வந்த 'தி கிரேட் டிஸ்ட்ராயர்' தொகுப்பில் திடீரென்று ஒலி உயர்ந்தது. டேவ் ஃபிரிட்மன் என்ற ஒலிப்பதிவாளரோடு இவர்கள் இணைந்த முதல் முயற்சி அது. மெல்ல வாசித்தவர்கள் முழங்கத் தொடங்கினர். அதன் முற்பகுதி எங்கள் காதுக்கு ஒட்டவில்லை. ஆனால் அதில் 'வென் ஐ கோ டெஃப்' என்றொரு பாடல் இருக்கிறது. தாம் செவிடாகிப்போகும் நாளைப் பற்றி ஆலன் பாடுகிறார். அழுகை இல்லை. பாட்டு எழுத வேண்டிய கடமையிலிருந்து விடுதலை என்று ஓர் இளைப்பாறுதலாக அதை நினைக்கிறார். மெல்லத் தொடங்கும் பாட்டின் நடுவே கித்தார் உடைந்து அலறுகிறது. எங்கள் வீட்டில் குரலை இழந்தவர் அதை இரண்டாம் முறை போடச் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். பிறகு, "இப்படி நினைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார். நான்கு ஆண்டுகளில் அதைப் பற்றி எங்களுக்குள் எழுந்த முதற்பேச்சு அது.

அவ்வாண்டிலேயே ஆலன் மனநலம் குன்றி, இசைப்பயணத்தை நிறுத்த நேர்ந்தது. அதை அவர் ஒளிக்காமல் வெளிப்படையாக அறிவித்தார். 2007-இல் வந்த 'டிரம்ஸ் அண்ட் கன்ஸ்' ஈராக்கியப் போர்க்காலத்தின் தொகுப்பு. போருக்குச் செல்வோரும் பாடுவோரும் கேட்போரும் ஒருநாள் மரிக்கப்போகிறவர்களே என்ற நினைவூட்டலோடு அது தொடங்குகிறது. அதில் ஒரு பாடல் கடவுளையே நேர்நின்று வினவுகிறது: உமக்காகக் கொலை செய்ய ஓர் ஆள் தேவையென்றால் நான் இருக்கிறேன் என்று ஒருவன் முன்வருகிறான். மேலோட்டமாகக் கேட்டால் நிந்தனை போல் தோன்றும். இறைவன் பெயரால் வாளெடுத்த ஒவ்வொரு காலத்தையும் எண்ணிப் பார்த்தால், நிந்தனை யாருடையது என்ற கேள்வி எழும். சிலுவைப் போர்களின் வரலாற்றை உடைய நாம் இக்கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்து வந்தது, 2011-இன் 'கமான்'. இத்தொகுப்பு எங்கே ஒலிப்பதிவு செய்யப்பட்டது என்பதை அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட உணர்வு கலவையானது. டுலூத்தில் திரு இருதய ஆலயம் என்று ஒன்று உண்டு. 1896-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1957 வரை டுலூத் மறைமாவட்டத்தின் பேராலயமாக விளங்கியது அது. ஆயரின் இருக்கை புதிதாக எழுந்த செபமாலை அன்னை பேராலயத்துக்கு மாறியபின், பங்கு ஆலயமாகத் தொடர்ந்து, 1985-இல் மூடப்பட்டது. இப்போது அது ஓர் இசை மண்டபம். 1898-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட குழல் ஆர்கன் அங்கு இன்றும் இருக்கிறது. 'டிரஸ்ட்' தொகுப்பும் அங்கேதான் பதிவு செய்யப்பட்டது. எங்கள் அக்காள் மகன் 250 கிலோமீட்டர் காரோட்டிச் சென்று அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். உயர்ந்த வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள், நற்கருணைப் பேழை இல்லாத பீடப் பகுதி. நெடுநேரம் பார்த்தோம். திருப்பலி நின்றுபோன ஆலயம் கத்தோலிக்கர் கண்ணுக்கு வெறும் கட்டடமாகத் தோன்றாது. ஆளிழந்த வீடாகத் தோன்றும்.

ஆனால் அத்தொகுப்பைக் கேட்டபோது அந்தக் கூரையின் உயரம் கேட்டது. 'நத்திங் பட் ஹார்ட்' என்ற பாடலில் ஒரே வாக்கியத்தை ஆலன் எண்ணற்ற முறை திரும்பத் திரும்பப் பாடுகிறார். எட்டு நிமிடம் அது தொடர்கிறது. பாதியில் மிமியின் குரல் வேறொரு மெட்டோடு வந்து சேர்கிறது. மன்றாட்டு மாலையில் வளர்ந்த காதுக்குத் திரும்பச் சொல்வது சலிப்பதில்லை. அக்கல்லும் மரமும் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக லத்தீனிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பாட்டுக் கேட்டுப் பழகியவை. தம் சமயத்தாரல்லாத இருவர் பாடும்போது அவை தம் எதிரொலியைத் தராமல் இருந்துவிடவில்லை.

2013-இல் சிகாகோவில், 'வில்கோ' குழுவின் ஜெஃப் ட்வீடி தயாரிப்பில் 'தி இன்விசிபிள் வே' வெளிவந்தது. பதினொன்றில் ஐந்து பாடல்களை மிமியே முன்னின்று பாடினார். அதுவரை எத்தொகுப்பிலும் அவர் இத்தனை பாடியதில்லை. அவற்றுள் 'ஹோலி கோஸ்ட்' என்ற பாடல், ஏதோ ஒன்று தன்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்ற உணர்வை மட்டும் சொல்லி நிற்பது. அதே ஆண்டில் கறுப்பின மக்களின் நற்செய்திப் பாடல் மரபில் வந்த மூதாட்டி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் அப்பாடலைத் தம் இசைத்தட்டில் பாடினார். 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்வருவதற்கு அது ஒரு படிக்கட்டு.

பின்வந்தது 2018-இன் 'டபுள் நெகட்டிவ்'. பி. ஜே. பர்ட்டன் என்ற தயாரிப்பாளரோடு இவர்கள் செய்தது. முதல் பாடல் தொடங்கியதும் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்றே அதைத் தட்டிப் பார்த்தோம். பழுதில்லை. இசையையே சிதைத்திருக்கிறார்கள்: கரகரப்பு, அறுந்தறுந்து வரும் ஓசை, புயலில் சிக்கிய வானொலி போல. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டி, "என்னக்கா, ரேடியோ போச்சா?" என்று கேட்டார். இத்தொகுப்பை எங்களுக்கு யாரேனும் முதலில் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் நிறுத்தியிருப்போம். பத்து வாரங்களுக்கும் மேலாக அக்குரல்களோடு வாழ்ந்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை. இடிபாடுகளுக்கு அடியில் தெரிந்தவர் குரல் கேட்டால் எப்படிக் கற்களை அகற்றித் தேடுவோமோ, அப்படித் தேடினோம். 'ஃப்ளை' என்ற பாடலில் மிமியின் குரல் மட்டும் மேலெழுந்து வருகிறது. வரிசை மாறாமல் கேட்டதன் பயன் இதுவே என்று எண்ணுகிறோம். முதல் தொகுப்பின் அமைதியை அறியாதவருக்குப் பன்னிரண்டாம் தொகுப்பில் சிதைந்தது எது என்று தெரியாது.

கடைசித் தொகுப்பு 'ஹே வாட்', 2021 செப்டம்பரில் வந்தது. இதில் சிதைவு தொடர்கிறது. ஆனால் குரல்கள் இரண்டும் துலங்கி நிற்கின்றன. 'டேஸ் லைக் தீஸ்' என்ற பாடல் ஏறக்குறையத் துணைக்கருவி இன்றி, ஆலயத்தில் பாடுவது போல, இரு குரலில் தொடங்கும். சிறிது நேரத்தில் அதன்மேல் இரைச்சல் வெடிக்கும், குரல்கள் விலகமாட்டா. மிமிக்குச் சூற்பைப் புற்றுநோய் இருப்பது 2020 டிசம்பரிலேயே தெரியவந்திருந்தது. இத்தொகுப்பு வெளிவந்தபோது அவர் நோயோடுதான் இருந்தார். 2022 நவம்பர் 5-ஆம் நாள், தமது ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் இறந்தார். இறந்தோர் நினைவு நாளுக்குப் பின் மூன்றாம் நாள் அது.

இதை நாங்கள் தொடக்கத்திலேயே அறிவோம். ஆகவே ஒவ்வொரு வாரமும் அக்குரலின் முடிவை நோக்கியே நடந்தோம் எனலாம். கடைசி வாரம் வந்தபோது அத்தொகுப்பைப் போடுவதா வேண்டாமா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கேட்காமல் வைத்திருந்தால் இன்னும் ஒன்று மீதமிருக்கும் என்ற ஆசை. அது காலணியை உலோகத்தில் வார்க்கும் ஆசையேதான். கேட்டோம்.

ஆலன் 'லோ' என்ற பெயரில் அதன்பின் பாடவில்லை. 2024-இல் தம் பெயரில் 'ஒயிட் ரோசஸ், மை காட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் அவர் குரலை அடையாளமே காண முடியாது. ஒரு கருவியின் வழியே அதைத் திரித்து, மனிதக் குரலா இயந்திரமா என்று மயங்கும்படி மாற்றியிருக்கிறார். விமர்சகர்களில் சிலர் இதைப் புதுமை என்று போற்றினர். எங்களுக்கோ அது வேறாகப் பட்டது. முப்பது ஆண்டுகள் இன்னொரு குரலோடு சேர்ந்தே ஒலித்த ஒருவருக்குத் தம் தனிக்குரலைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை எங்களில் இரண்டாம் குரல் பாடியவர் நன்கு அறிவார். வாரக்கணக்கில் குளியலறையிலும் பாடாமல் இருந்தவர் அவர்.

2025-இல் ஆலன், டுலூத்தையே சேர்ந்த 'டிராம்பிள்ட் பை டர்டில்ஸ்' என்ற குழுவோடு இன்னொரு தொகுப்பை வெளியிட்டார். வயலின், பாஞ்சோ, மாண்டலின் முதலிய மரக்கருவிகளை இசைப்போர் அவர்கள். நெடுநாள் நண்பர்கள். அதில் அவர் தம் இயல்பான குரலில், திரிபின்றிப் பாடுகிறார்; வயது தெரிகிறது. சுற்றியிருப்போர் உடன்சேர்ந்து பாடுகிறார்கள். ஒரு பாடலில் அவருடைய மகள் வந்து சேர்கிறார். உலோகத்தில் வார்த்து வைக்க முடியாமற்போன அந்தக் குழந்தைதான், இப்போது இளம்பெண். அவர் குரல் தாயின் குரல் அல்ல. ஆனால் தாய் நிற்கும் இடத்தில், மேலே, சற்றுத் தள்ளி அது வந்து நிற்கிறது.

பதின்மூன்று வாரக் கணக்கில் இத்தொகுப்பு சேராது. ஆயினும் அதையும் கேட்டோம், அடுத்த ஞாயிறு பிற்பகலில். இரண்டாம் முறை அப்பாடல் ஓடியபோது எங்களில் குரல் போனவர் மேசையில் விரலால் தாளமிட்டார். மற்றவர், முதற்குரல் இல்லாமலேயே, இரண்டாம் குரலை மெல்ல முனகிப் பார்த்தார். சுருதி சற்று இறங்கியிருந்தது. "மேல, இன்னும் கொஞ்சம் மேல" என்று தாளமிட்ட கை காட்டிற்று.